பிக்கரிங்குக்குப் போன பால்

மகன் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி நேர்ஸ் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு துவாயைக் கொண்டுவந்து தந்தாள். அரை மணித்தியாலத்தில் அதுவும் ஊறிப்போயிற்று. இந்தப் பால் இரட்டைப் பிள்ளைகளுக்கும் காணும் என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள்தான். ஒன்று மடியில் கிடந்தது. மற்றது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், என் தங்கச்சியோடு இருந்தது.

மகளை விட்டுவிட்டு வந்த கதையை நான் முழுதாக யாருக்கும் சொல்வதில்லை. கேட்பவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிக்காது. கணவர் முன்னமே ரொறொன்ரோவில் இருந்தார். என்னை அனுப்பிய ஏஜென்ற், இந்தப் பாதையால் குழந்தையைக் கொண்டுபோக ஏலாது, அது அழுதால் எல்லாரும் பிடிபடுவீர்கள், மூன்று மாதத்தில் வேறு வழியால் அனுப்பிவைக்கிறேன் என்றான். அவளுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று மாதம் என்றதை நான் நம்பினேன். மகன் பிறக்கும்போது அவளுக்கு நாலு வயதாகிக்கொண்டிருந்தது. எங்கள் அகதி வழக்கு விசாரணைக்கே வந்திருக்கவில்லை. அது முடியாமல் அவளை ஸ்பொன்சர் செய்து கூப்பிட வழியில்லை.

மகனுக்கு ஒரு மாதமானபோது அதே ஏஜென்ற் ரெலிபோன் எடுத்தான். புருஷன், பெண்சாதி, ஒரு பெண்பிள்ளை என்று கள்ளப் பாஸ்போட்டில் ஒரு குடும்பத்தை இரண்டு மாதத்தில் அனுப்பப் போகிறானாம். அந்தப் பெண்பிள்ளையின் இடம் வெறுமையாக இருக்கிறதாம். என் மகளின் வயது சரியாகப் பொருந்துமாம். அவர்கள் விமானம் ஏற முன்னம் காசு கைக்கு வரவேண்டும், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது என்றான். கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளம் வாடகைக்கே இழுபறி.

நாங்கள் ரொறொன்ரோவில், பார்க்டேலில் ஒற்றை அறை அப்பாற்மென்ற் ஒன்றில் இருந்தோம். ஒற்றை அறை என்றாலும் அந்த அறை எங்களுக்கில்லை. அதை இரண்டு அண்ணைமாருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். எங்கள் குடும்பம் ஹோலில், ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்தது. பால் கட்டி நெஞ்சு கல்லாகும்போது குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணீர்த் துணியை வைத்துப் பீய்ச்சிச் சிங்குக்குள் ஊற்றுவேன். அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் மூன்றாம் மாடி அன்ரி வந்தார். பிள்ளைப்பெற்ற வீடுகளுக்குப் போய்ச் மருந்துச் சரக்குப் போட்ட கறி காய்ச்சிக் கொடுப்பது அவருடைய தொழில்.

"உதை ஏன் பிள்ளை சிங்குக்குள்ளை ஊத்திறாய்?" என்றார். "நான் இப்ப போற பிக்கரிங் வீட்டிலை தாய்க்கு ஒப்பரேசன், பிறகு காய்ச்சல், ஒரு சொட்டுப் பாலில்லை. குழந்தை ரின் மாப்பாலைக் குடிச்சுக் குடிச்சுச் சத்தி எடுக்குது, ஒண்டும் வயித்திலை நிக்குதில்லை. பால் கிடைச்சா எவ்வளவும் குடுப்பினம். நல்ல வசதியான ஆக்கள்."

கணவருக்கு முதலில் கோபம் வந்தது. "பாலை விக்கிறதோ? ஊருலகத்திலை இல்லாத கதையாய்க் கிடக்கு" என்றார். மாட்டுப்பாலை வாங்கிக் குடிக்கிறோமே, அந்த மாட்டிடம் கேட்டோமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் அடுத்த நாள் வேலையால் வரும்போது மூடியுள்ள சின்னப் போத்தல்கள் ஒரு பை நிறைய வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். இருவருக்கும் கண்ணுக்குள் நின்றது ஒரே முகம்தான்.

போத்தல்களை அவித்து, துடைத்து, நிரப்பி, பிறிட்ஜின் மேல்தட்டில் மீனையும் இறைச்சியையும் ஒதுக்கிவிட்டு அடுக்கினேன். இரண்டாம் நாளே அறை அண்ணைமாரில் ஒருவர் தேத்தண்ணீருக்குப் பால் முடிந்துவிட்டதென்று அதில் ஒன்றைத் திறந்துவிட்டார். நான் கத்திய கத்தலில் கோப்பையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்தபடிதான் நடப்பார். நான் எல்லாப் போத்தலிலும் தடித்த பேனாவால் "தொடாதே" என்று எழுதினேன்.

பிக்கரிங் குழந்தையின் தகப்பனுக்கு ரொறொன்ரோ நகரத்துக்குள் ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை. மாலையில் வேலை முடிந்து, கழுத்துப்பட்டியோடு, கையில் ஒரு ஐஸ் பெட்டியோடு எங்கள் கட்டடத்தின் கீழ்வாசலில் வந்து நிற்பார். "தாங்க்ஸ் அக்கா" என்பார். போத்தலைப் பார்க்கமாட்டார், என்னையும் பார்க்கமாட்டார். பெட்டியை மூடிக்கொண்டு பிக்கரிங் ரயிலைப் பிடிக்க ஓடுவார். வெட்கப்படவேண்டியவள் நான், இவர் ஏன் வெட்கப்படுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவருடைய அம்மா அப்படியில்லை. காலை ஒன்பது மணிக்கு ரெலிபோன் அடிக்கும்.

"பிள்ளை, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?"

சொல்லவேண்டும். கத்தரிக்காய் கூடாது, பிள்ளையின் உடம்பில் கிரந்தி கிளம்பும். அன்னாசி கூடாது. குளிர்த்தண்ணீர் கூடவே கூடாது, பேரனுக்குச் சளி பிடிக்கும். தன் மகனிடம் சரக்குத்தூளும், உரித்த உள்ளியும், காயவைத்த பால்சுறாவும் கொடுத்தனுப்புவார். முதல் கிழமை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறவை மாட்டுக்குத் தவிடு வைத்தாயா என்று விசாரிக்கிறமாதிரிக் கேட்கிறாரே என்று மூன்றாம் மாடி அன்ரியிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் இரண்டாம் கிழமை, ஒன்பது மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆனால் நான் ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து, சாப்பிட்டாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கணவர் கேட்கவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். அவர் நித்திரை கொண்டாரா என்று நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் அந்த அம்மாவிடம் மகளைப் பற்றிச் சொன்னேன். கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து அவளுடைய குரல் கேட்டதும் பால் தானாக இறங்கிச் சட்டை நனைந்துவிடும் என்றும் சொன்னேன். அதை நான் கணவருக்கும் சொன்னதில்லை. மறுபக்கத்தில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழாதையும் பிள்ளை. உம்மடை பாலிலைதானே என்ரை பேரன் வளருறான். ஏஜென்றுக்குக் கட்டவேண்டிய காசை நாங்கள் முன்னுக்குத் தாறம். நீர் இன்னும் ஆறு மாதம் பாலைத் தாரும், அதிலை கழியும். பேரன்ரை முப்பத்தொண்டு முடியட்டும், அடுத்த நாளே மகனிட்டைக் குடுத்துவிடுறன். உம்மடை பிள்ளை வந்து சேரட்டும்."

அன்றே தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன். ஏஜென்றுக்கும் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் தருவதற்குப் பால் குறையக்கூடாதென்று பயம் பிடித்தது. ஐஸ் பெட்டி நிரம்பாத நாளில் மகனுக்கு ஒரு நேரம் மாப்பால் கரைத்துக் கொடுத்தேன். பிறகு இரண்டு நேரம். மிஞ்சியதைத்தான் விற்கிறேன் என்று கணவரிடம் சொன்னது அந்தக் கிழமையோடு பொய்யாகிவிட்டது. அவன் போத்தலை வாயால் தள்ளிவிட்டு என் சட்டையைத் தேடுவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்காவுக்காகக் கொஞ்சம் பொறு ராசா என்று அவனிடம் சொல்வேன். இரண்டரை மாதப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

பிக்கரிங் குழந்தையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு என்னையும் கட்டாயம் வரச்சொன்னார்கள். மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மூன்றாம் மாடி அன்ரியோடு ரயிலில் போனேன். புது வீடு. பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. அந்த அம்மா வாசலுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "இவதான் என்ரை பேரனுக்கு உயிர் குடுத்தவ" என்று வந்திருந்த எல்லாருக்கும் காட்டினார். குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அன்றுதான் அவனை முதல்முதல் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, கையில் மடிப்பு விழுந்திருந்தது. அந்தச் சதை முழுவதும் என்னுடையது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகனின் கை மெலிந்திருப்பதும் அந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது.

ஊரில் வெள்ளை கட்டுவது கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். முதல் பேரன் என்றபடியால், ஐயர் இருந்து கிரியை செய்யும் இடத்துக்கு மேலே வெள்ளைத் துணி கட்டவேண்டுமென்று அந்த அம்மா ஆசைப்பட்டிருந்தார். தகப்பன்காரன் கதிரையில் ஏறிநின்று, ஒரு புதுப் படுக்கை விரிப்பை ஒட்டும் நாடாவால் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலையை ஒட்டினால் மறுமூலை கழன்று ஐயரின் தலையில் விழுந்தது. "ஊரிலை எண்டால் உதுக்கெண்டு ஆக்கள் வந்து கட்டிவிட்டுப் போவினம், இஞ்சை ஆர் இருக்கினம்?" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஐயர் நேரம் போகிறதென்றார்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனேன். சில்லறைக் காசு நாலும் கொஞ்சம் நூல்கயிறும் கேட்டேன். துணியின் மூலையில் காசை வைத்து, அதைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டால் துணி கிழியாது, முடிச்சு வழுக்காது. திரைச்சீலைக் கம்பியில் இரண்டு, மாடிப்படிக் கைப்பிடியில் ஒன்று, அலுமாரிக் கதவில் ஒன்று என்று கட்டினேன். நடுவில் சுருக்கம் விழாமல் ஓரத்தைக் கொய்து இழுத்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மேலே பார்த்தால் துணி பலகைபோல் நின்றது. என் கைக்கு ஒரு வேலை அவ்வளவு சரியாக வந்து எத்தனையோ வருடம்.

ஊருக்குள் அந்த வேலைக்கென்று வரும் ஆட்கள் நாங்கள்தான். என் அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் துணி வெளுத்தவர்கள். வெள்ளை கட்டுவது எங்கள் சாதிக்கென்று ஊர் ஒதுக்கிவைத்த வேலை. ஏழு வயதில் நான் அப்பாவுக்குக் கதிரை பிடித்திருக்கிறேன்.

ஒரு வயதான உறவுக்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாய்ப் பழகின கை" என்றார். பிறகு, "ஊரிலை நீர் எந்த இடம், பிள்ளை?"

யாழ்ப்பாணத்தவர் அப்படிக் கேட்டால் அது இடத்தை அறியக் கேட்கும் கேள்வி அல்ல என்பது எனக்குத் தெரியும். வேறு ஒரு ஊரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். கொழும்பில் பிறந்தேன் என்றிருக்கலாம். அன்று எனக்குப் பொய் வரவில்லை. பெருமையில் இருந்தேன், மூளை வேலை செய்யவில்லை. ஊரையும் சொன்னேன், ஒழுங்கையையும் சொன்னேன்.

"ஓ" என்றார் அவர். அவ்வளவுதான். எழும்பி அந்த அம்மாவிடம் போனார்.

ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு எல்லாருக்கும் கடதாசிப் பிளேட்டில்தான் தந்தார்கள், பிரித்துக் காட்டுவதற்கு அங்கே வேறு கோப்பை இருக்கவில்லை. நான் மறுபடியும் குழந்தையைத் தூக்கியபோது தாய் வந்து, "நித்திரை வருது அவனுக்கு" என்று வாங்கிக்கொண்டாள். அவன் கண்ணை அகல விரித்து அந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய்வருகிறோம் என்று சொல்லும்போது அந்த அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு ரெலிபோன் அடிக்கவில்லை. மாலையில் கீழ்வாசலில் யாருமில்லை. காசும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மூன்றாம் மாடி அன்ரி வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பிறிட்ஜில் இருந்த போத்தல் முழுவதையும் ஊற்றிவிட்டார்களாம். குழந்தைக்குத் தலைக்கு வார்த்தார்களாம். அந்த அம்மாவும் தீட்டுப்போகத் தோய்ந்தாவாம்.

"ஏன் பிள்ளை வாயைத் திறந்தனீ?" என்று என்னைத்தான் ஏசினார்.

கணவர் வேறு கேள்வி கேட்டார். "நீ ஏன் வெள்ளை கட்டப் போனனீ?" என்றார். அதட்டவில்லை. அறிய விரும்புகிறவர்போலத்தான் கேட்டார். துணி கோணலாய் இருந்தது என்று சொன்னேன்.

ஐந்தாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. தகப்பன்காரன் ஐஸ் பெட்டியோடு நின்றார். முதல்தடவையாக மேலே ஏறி வந்திருந்தார். கண் குழி விழுந்திருந்தது.

"அக்கா, பிள்ளை திரும்பவும் சத்தி எடுக்குது. ஒண்டும் தங்குதில்லை. எனக்கு உந்தச் சாதிக் கதையிலை நம்பிக்கை இல்லை, உங்களுக்குத் தெரியும்."

எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

"நீங்கள் பாலைத் தாங்கோ. அம்மா சொன்ன காசையும் நான் தாறன், முழுசாய்த் தாறன், உங்கடை மகள் வரட்டும். அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். வேலையிடத்திலை ஒரு வெள்ளைக்காரியிட்டை வாங்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். அம்மா ஓம் எண்டிட்டா."

முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரியின் பால் அந்த வீட்டுக்குள் போகலாம். மூன்று கிழமை அவனைக் கொழுக்க வைத்த என் பால் போக முடியாது. ரெலிபோனில் மூக்கை உறிஞ்சிய சத்தம் காதுக்குள் கேட்டது.

"அப்ப வெள்ளைக்காரியிட்டையே போய் வாங்கும்" என்றேன்.

"அக்கா..."

"உம்மடை அம்மாவை ரெலிபோன் எடுக்கச் சொல்லும், தம்பி. ஒன்பது மணிக்கு எடுக்கிறவ எல்லோ? எடுத்து என்னட்டைப் பால் கேக்கச் சொல்லும். அண்டைக்குத் தாறன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். மறைப்புச் சேலைக்குப் பின்னால் கணவர் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். எழும்பி வந்து அவரை மறிக்கவில்லை. மறித்திருந்தால் நான் கத்தியிருப்பேன், ஆனாலும் மறித்திருக்கலாம் என்று இன்றைக்கும் சிலவேளை நினைப்பேன்.

நான் நேர்மையாகவே நம்பினேன், அந்த அம்மா எடுப்பார் என்று. பேரன் சத்தி எடுக்கும்போது எந்த மனிசி எடுக்காமல் இருப்பாள்? பால் வற்றிவிடக்கூடாதென்று முன்புபோலவே நேரம் தவறாமல் பீய்ச்சினேன். பிறிட்ஜின் மேல்தட்டு நிரம்பியது. கத்தரிக்காய் சாப்பிடவில்லை. குளிர்த்தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்பது மணிக்கு முன்னம் மகனைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பேன். ஏஜென்றிடமிருந்து வந்த அழைப்புகளுக்கு, வருகிறது, வருகிறது என்றேன். ஒரு கிழமை முடியும்போது போத்தல் பாதிதான் நிரம்பியது. நெஞ்சு கல்லாகாமல் விட்டுவிட்டது.

ஒன்பதாம் நாள் நானே எடுத்தேன். அதற்குள் ரோசமெல்லாம் போய்விட்டது. எடுக்க முன்னம் என்ன சொல்வதென்று குளியலறையில் நின்று பாடமாக்கினேன்.

"அன்ரி, நான்தான். தம்பியைப் பெட்டியோடை அனுப்புங்கோ. மற்ற ஆக்களுக்கு வெள்ளைக்காரியின்ரை எண்டே சொல்லிக் குடுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை."

எந்த வித்தியாசமும் இல்லாத அதே குரல்.

"வேண்டாம் பிள்ளை. டொக்டர் வேறை மாப்பால் எழுதித் தந்தவர். அது ஒத்துக்கொண்டிட்டுது. இப்ப நல்லாய்க் குடிக்கிறான்."

"அந்தக் காசு, அன்ரி..."

"மகன் வந்தாப்பிறகு கேட்டுச் சொல்லுறன்" என்றார். "உடம்பைப் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லி வைத்தார். அந்தக் குரலில் பொய் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடன் கேட்கக்கூடிய எல்லாரிடமும் கணவர் கேட்டார். எல்லாருக்கும் ஊரிலிருந்து யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. அடுத்த கிழமை அந்தக் குடும்பம் கொழும்பை விட்டுப் புறப்பட்டது. பெண்பிள்ளையின் இடத்தில் வேறு யாரோ ஒருவரின் மகள் போனாள்.

தங்கச்சிக்குச் சொல்ல ரெலிபோன் எடுத்தேன். லொட்ஜில் ரெலிபோன் கீழே இருந்தது, கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். வந்தது மகள்.

"அம்மா, நான் புதுச் சப்பாத்துப் போட்டிருக்கிறன். சின்னம்மா கழட்டச் சொல்லுறா, நான் கழட்டமாட்டன். நித்திரைக்கும் கழட்டேல்லை. கார் வந்தால் டக்கெண்டு ஓடலாம் எல்லோ?"

"ஓம்" என்றேன்.

"கார் எப்ப வரும்?"

"நாளைக்கு" என்றேன்.

வழக்கு முடிந்து, ஸ்பொன்சர் சரிவந்து, அவள் விமான நிலையத்தில் இறங்கும்போது எட்டாவது வயது நடந்துகொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு வந்த தங்கச்சியின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, என்னிடம் வரமாட்டேன் என்றாள். பிறகு வளர்ந்து, பள்ளிக்கூடம் முடித்து, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாள், அண்டைக்கு ஏன் அம்மா என்னைக் கூப்பிடேல்லை என்று. தம்பியும் பக்கத்தில் இருந்தான். கணவர் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஏஜென்ற் எங்களை ஏமாற்றிப்போட்டான் என்று சொன்னேன். அவள் இன்றுவரை அவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.